பின்னாடி இடது பல்பு

ஏறுங்க டீச்சர், ஏறுங்க. கதவைச் சித்த மேல தூக்கினாப்புல இழுத்துச் சாத்தணும். அப்படியில்லீங்க, இன்னும் பலமா. ஆங், அவ்வளவுதான். பையை மடியிலயே வெச்சுக்குங்க, பின்சீட்டுல தேங்கா கெடக்குது. பொள்ளாச்சிக்குத்தானுங்களே? நானும் அங்கதான் போறேன். இந்த நேரத்துல இங்க பஸ்ஸை நம்பி நின்னீங்கன்னா பொழுதோட வந்துதான் ஏத்துவான்.

நீங்க புதுசா வந்திருக்கற கணக்கு டீச்சர்தானே? கேள்விப்பட்டேன். என்னைப் பத்தியும் நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. ‘பியட் கார் துளசிமணி’ன்னு சொன்னாங்களா, ‘முட்டைக்காரன் மேல ஏத்துன பொம்பளை’ன்னு சொன்னாங்களா? ரெண்டாவதுதான் சொல்லியிருப்பாங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுதே. கதவுப் புடியை எதுக்கு அவ்வளவு இறுக்கிப் புடிச்சிருக்கீங்க? உடுங்க. நடந்ததைக் கேட்டுட்டு, அப்புறமும் பயமா இருந்தா பயப்படுங்க.

நான் அவன் மேல ஏத்தலைங்க. அவன்தான் வந்து என் மேல ஏறுனான். இது மொதல்ல மனசுல இருக்கட்டும்.

கார் எங்கூட்டுக்காரர் வாங்குனது. எம்பொண்ணு மேகலா பொறக்கறதுக்கு முந்தின வருசம். அன்னைக்கு எங்க ஊருக்குள்ள இது ஒண்ணுதான் கார். தங்கமா வெச்சிருந்தார். காலையில எந்திரிச்சா இதைத் தொடைச்சுட்டுத்தான் மறுவேலை. என்னையும் அப்படித்தான் வெச்சிருந்தார், சும்மா சொல்லக்கூடாது. ஒரு சிரமம் தெரிய உட மாட்டார். கார்ல போனா நான் பின்சீட்டுதான். முன்னாடி உக்காந்தா வெயில் மூஞ்சில அடிக்கும்னு. சாவியை அரைஞாண் கயித்துலயே கோத்து வெச்சிருப்பார். ஒருக்கா ஆசையாக் கேட்டேன், “ஏனுங்க, நானும் ஓட்டக் கத்துக்கட்டுங்களா?”ன்னு. “பொம்பளைக்கு எதுக்கு அந்தச் சிரமம்? நான் எதுக்கு இருக்கேன்?”னார். அவ்வளவு பாசம்.

மேகலா வயித்துல இருக்கறப்ப, நிறைமாசம், எனக்குத் திடீர்னு வலி வந்துடுச்சு. அவர் ரயில்ல கோயமுத்தூர் போயிருக்கார். கார் வாசல்ல நிக்குது. ஓட்டத் தெரிஞ்ச ஆளும் பக்கத்துத் தோட்டத்துல இருக்கார். சாவி? அது அவர் இடுப்புல கோயமுத்தூர்ல இருக்குது. அப்புறம் என்ன, பால் வண்டியில, கேனுங்களுக்கு நடுவுல படுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேகலா இதை இன்னைக்கும் சொல்லிச் சொல்லி எரிஞ்சு உழுவா. அவர் என்ன வேணும்னா பண்ணுனார்? யாராவது எடுத்துட்டுப் போயி இடிச்சுப் போட்டா என்ன பண்றதுன்னு நெனச்சிருப்பார். அவளுக்கு அப்பனோட அருமை தெரியாது. பெங்களூர்ல உக்காந்துட்டு எதையாவது பேசுவா.

அவர் காலமானதுக்கப்புறம் வண்டி கொட்டாய்க்குள்ள சும்மாவே நின்னுச்சு. எலி கூடு கட்டுச்சு. ஒருநாள் டிக்கியைத் தொறந்து பார்த்தா, உள்ள குட்டி போட்டு வெச்சிருக்குது! எனக்கு என்னமோ ஆகிப்போச்சு. எலிக்குக் கூட இந்தக் கார்ல எடம் இருக்குது, எனக்கில்லையா? மறுநாளே உடுமலையில டிரைவிங் ஸ்கூல்ல போய்ச் சேர்ந்தேன். கூடப் படிக்கறது பூராவும் காலேஜுப் பசங்க. என்னைப் பார்த்ததும் யாரையோ சேர்த்து உட வந்திருக்கேன்னு நெனச்சாங்க. ரெண்டாந் தடவையிலயே லைசென்ஸ் வாங்கிட்டேன். மொத தடவை அந்த ஆபீசர் சும்மா குத்தம் கண்டுபுடிச்சார், அதை உடுங்க.

அப்பதான் நாச்சிமுத்து வந்தார். நாச்சிமுத்து யாருன்னா எங்கூட்டுக்காரரோட தம்பி, என் கொழுந்தனார். எங்க தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். வந்து உக்காந்து காப்பியைக் குடிச்சுட்டு, “அண்ணி, பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சிரமம்? எங்க போகோணும்னாலும் சொல்லுங்க, நான் எதுக்கு இருக்கேன்?”னார். எனக்கு வந்துதே கோபம்! என்ன திமிரு பாருங்க டீச்சர். என்னை ஒண்ணுக்கும் ஆகாதவள்னு நெனச்சாத்தானே அந்தப் பேச்சு வரும்? எங்கூட்டுக்காரர் இருந்திருந்தா அப்படியொரு வார்த்தை இவர் வாயில வந்திருக்குமா?

என்னங்க? ஒண்ணும் சொல்லலையா? சரி.

ஏன் இந்த லாரிக்காரன் இப்படி ஹாரன் அடிச்சுட்டே வர்றான்? எடந்தான் கெடக்குதே, போகட்டுமே. ஓ, டிக் டிக்னு கேக்குதுங்களா? இடது இண்டிகேட்டருங்க. இல்ல, எங்கயும் திரும்பலை. வீட்டை உட்டுக் கெளம்பறப்பவே போட்டுருவேன். எரியுதுன்னு எல்லாத்துக்கும் தெரியட்டும். எதுக்குன்னு கேளுங்க, சொல்றேன்.

போன ஐப்பசியில, ஒரு மழை பேஞ்சு உட்டிருந்த நேரம், உடுமலையிலிருந்து வந்துட்டிருந்தேன். மெயின் ரோட்டுலயிருந்து எங்க தோட்டத்துப் பாதைக்கு இடது பக்கம் திரும்போணும். இண்டிகேட்டர் போட்டேன். கவனிச்சுக்குங்க, போட்டேன். கண்ணு முன்னாடி பச்சை லைட்டு மின்னுச்சு. சத்தமும் வந்துச்சு. சொல்லப்போனா எப்பத்தையும் விட வேகமா, டிக்கிடிக்கிடிக்கின்னு அடிச்சுச்சு. நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோசப்பட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, ஒரு பல்பு போயிட்டாத்தான் அந்த மாதிரி வேகமா அடிக்குமாம். எனக்கென்ன தெரியும்? ஸ்கூல்ல அதைச் சொல்லிக் குடுத்தாங்களா?

திரும்பறேன், டமார்னு ஒரு சத்தம். பின்கதவுல வந்து உழுந்தான் முட்டைக்காரன் திருமூர்த்தி. பைக்குல ரெண்டு பக்கமும் முட்டைத் தட்டு அடுக்கிட்டு, இடது பக்கமா என்னைத் தாண்டிப் போகப் பார்த்திருக்கான். இடது பக்கமா யாராவது தாண்டுவாங்களா? நீங்களே சொல்லுங்க. ரோடு பூரா மஞ்சளும் வெள்ளையும். என் காரும் அப்படித்தான் இருந்துச்சு. கண்ணாடியில பார்க்கலையான்னு அப்புறம் ஒருத்தன் கேட்டான். கண்ணாடியையே பார்த்துட்டு ஓட்டினா முன்னாடி யார் பார்க்கறது?

கூட்டம் கூடிப்போச்சு. பேக்கரியிலயிருந்து, பஸ் ஸ்டாப்புலயிருந்து, எங்கெங்கிருந்தோ வந்துட்டாங்க. எல்லாரும் ஒரே பேச்சு: “சிக்னல் போடாம திரும்பிட்டாங்க.” நான் கத்தறேன், “போட்டேன்! வந்து பாருங்க, இன்னும் மின்னிட்டிருக்குது!” ஒருத்தன் முன்னாடி வந்து பார்த்துட்டு, “எரியுது”ன்னான். இன்னொருத்தன் பின்னாடி நின்னுட்டு, “எங்க எரியுது? இருட்டாக் கெடக்குது”ன்னான். முன்பல்பு எரியுது, பின்பல்பு எரியலை. அதுல என் தப்பு என்ன இருக்குது? நான் உக்காந்திருக்கற எடத்துலயிருந்து பின்பல்பு தெரியுமா? ஆனா கூட்டத்துல ஒரு கெழவன் சொன்னான் பாருங்க, “பல்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, ஓட்டறது பொம்பளை.” எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர். அடிபட்டுக் கீழ கெடந்தவன் கூடச் சிரிச்சான்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு இங்க, நெஞ்சுல, இன்னும் கெடக்குது.

திருமூர்த்திக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சு. ஆட்டோ கூப்பிடறேன்னாங்க. “எதுக்கு ஆட்டோ? என் கார்ல ஏறு”ன்னேன். மாட்டேன்னான். அவனைக் கையோட தூக்கி உக்கார வெச்சு நானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனேன். வழி பூரா கண்ணை மூடிட்டு முருகா முருகான்னுட்டே வந்தான். வலிங்க, பாவம். மாவுக்கட்டு போட்டு முடிச்சப்புறம் கேட்டேன், “உண்மையைச் சொல்லு, நான் போட்டேனா இல்லையா?” “நீங்க போட்டீங்களோ என்னமோங்கம்மா, பின்னாடி எரிஞ்ச மாதிரி எனக்குத் தெரியலீங்க”ன்னான். பார்த்தீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்.

திரும்பி வீட்டுக்கு வந்தா வாசல்ல நாச்சிமுத்து நிக்கறார். “நீங்க பதறிப்போயிருக்கீங்க அண்ணி, எறங்குங்க, நான் வண்டியைக் கொட்டாய்ல உட்டுட்டு வர்றேன்”னார். பதறலைதான், ஆனா கையில முட்டை நாத்தம், கழுவலாம்னு எறங்கிட்டேன். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திட்டு, சாவியைச் சட்டைப் பையில போட்டுட்டு அவர்பாட்டுக்குப் போயிட்டார். கேட்டதுக்கு, “எங்கண்ணன் வண்டி அண்ணி. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மேகலாவுக்கு யார் பதில் சொல்றது?”ன்னார். இன்னொரு சாவி இருக்குது, ஆனா அதை எங்கூட்டுக்காரர் எங்க வெச்சிருந்தார்னு எனக்குச் சொன்னதில்லை. சொல்ல மறந்திருப்பார்.

சாவியை எடுத்துட்டுப் போனதோட நின்னுச்சா? கோயமுத்தூர்ல சம்பத்துன்னு ஒருத்தர், பழைய காருங்களை வாங்கிச் சேர்த்து வெக்கறவராம். ஞாயித்துக்கெழமை வந்து காரைப் பார்க்கச் சொல்லி நாச்சிமுத்து அவரைக் கூப்பிட்டிருக்கார். எனக்கு இதைச் சொன்னது யாருன்னு நெனைக்கறீங்க? பால் ஊத்தறவங்க. என் காரை விக்கறது எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஊருக்கே தெரிஞ்சிருக்குது.

அப்ப ஒரு முடிவு பண்ணுனேன். மொதல்ல அந்தப் பல்பு எரியோணும். கோளாறு என்கிட்ட இல்ல, பல்புலதான்னு இந்த ஊர் பார்க்கோணும். மத்ததெல்லாம் அப்புறம்.

எங்க ஊர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பேர் வேண்டாம், நல்ல பையன்தான். தலையைச் சொறிஞ்சுட்டு, “நாச்சிமுத்து அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து மாட்டித் தர்றனுங்கம்மா”ன்னான். கேட்டீங்களா டீச்சர்? ஒரு பல்பு மாட்ட எனக்குக் கொழுந்தனார் உத்தரவு வேணுமாம்! “நீ ஒண்ணும் மாட்ட வேண்டாம், போ”ன்னுட்டேன்.

பஸ் ஏறி உடுமலை போனேன். கடைக்காரர் பழைய பல்பைக் கொண்டாந்தீங்களான்னு கேட்டார். இல்லைன்னதும் ஏதோ ஒண்ணைக் குடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டப் பார்த்தா, சிவப்பு மூடியைக் கழட்டறதே பெரிய பாடாயிடுச்சு. ரெண்டு ஸ்க்ரூவும் துருப்புடிச்சுக் கெடக்குது. தேங்காயெண்ணெய் உட்டு ஊற வெச்சு, மத்தியானச் சோறு ஆக்கி முடிச்சுட்டு வந்து திருப்புனேன், கழண்டுச்சு. பழைய பல்பைத் தொட்டதும் கண்ணாடி பொட்டுன்னு ஒடைஞ்சு வெரல்ல கிழிச்சுடுச்சு. இந்தா, தழும்பு பாருங்க. ஸ்டீரிங்கையா? ஒரு கை இருக்குதுங்க, பயப்படாதீங்க. அடிப்பாகம் மட்டும் உள்ளயே சிக்கிக்கிச்சு. குறடை உட்டு மெதுவா அழுத்தித் திருப்பி இழுத்தேன். வந்துச்சு. அந்தக் குழிக்குள்ள பார்த்தா பூராவும் பச்சையாப் பூத்துக் கெடக்குது, கழுவாத பித்தளைச் செம்பு மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. செம்புதானே, நாம பார்க்காத செம்பா? உப்புத்தாளைச் சுருட்டி உள்ள உட்டுத் தேய்ச்சேன், பளபளன்னு ஆச்சு.

புதுப் பல்பை வெச்சா ஏறலை. பழையதோட பக்கவாட்டுல இருக்கற ரெண்டு மூக்கும் ஒரே மட்டத்துல இருக்குது. புதுசுல ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. பிரேக்குக்குப் போடறதைக் குடுத்துட்டார் அந்த ஆள். மறுபடியும் பஸ். மறுபடியும் உடுமலை. ஒடைஞ்சதைக் கொண்டுபோய்க் கல்லா மேல வெச்சு, “இந்த மூக்கைப் பாருங்க, அந்த மூக்கைப் பாருங்க”ன்னேன். மாத்திக் குடுத்தார். வந்து மாட்டுனேன். வீட்டுல குண்டு பல்பு மாட்டற மாதிரியேதான் டீச்சர், அழுத்தி ஒரு திருப்பு. இதுக்குத்தான் இத்தனை நாள் ஆம்பளைங்க அவ்வளவு பில்டப்பு குடுத்திருக்காங்க.

ஆனா எரியுதான்னு எப்படிப் பார்க்கறது? சாவி போட்டாத்தான் இண்டிகேட்டர் எரியும். சாவி நாச்சிமுத்துகிட்ட. மேகலா போன்ல, “நேரா அவர் வீட்டுக்குப் போய் வாங்கிட்டு வாம்மா, இல்லாட்டி நானே வர்றேன்”னா. “நீ சும்மா இரு. அவரே கொண்டாந்து குடுப்பார்”னேன். எந்தத் தைரியத்துல சொன்னேன்னு எனக்கே தெரியலைங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. எரியாட்டி என்ன பண்றதுன்னுதான் யோசனை.

ஞாயித்துக்கெழமை காலையில வந்தாங்க. சம்பத்து அவரோட பெரிய கார்ல, டிரைவரோட. நாச்சிமுத்து பைக்குல, பின்னாடி அவர் சம்சாரம் ருக்குமணி. எனக்கு ஆறுதல் சொல்லக் கூட்டிட்டு வந்திருப்பார். பழைய கார் வெலை போகறதைப் பார்க்கறதுக்கு ஊர்ல ஒரு பத்துப் பேர். அதுல அன்னைக்குச் சிரிச்சவங்களும் இருந்தாங்க.

சம்பத்து மரியாதையான மனுசன். காரைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, “அப்படியே இருக்குதே!”ன்னு சொல்லிட்டு முன்சீட்டுல, இப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துல உக்காந்தார். நாச்சிமுத்து இந்தப் பக்கம் உக்காந்து சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுனார். ஒரே தடவையில புடிச்சுச்சு, பாவி வண்டி. அப்புறம், “டிக்கியும் சுத்தமா இருக்குதுங்க, பாருங்க”ன்னு சொல்லிட்டு எறங்கிப் பின்னாடி போனார். எஞ்சின் ஓடிட்டிருக்குது. கதவு தொறந்து கெடக்குது. சாவி அதுலயே தொங்குது.

நான் போய் உக்காந்தேன். கதவைச் சாத்துனேன். சம்பத்து, “அம்மா?”ன்னார். “வண்டி ஓடறதைப் பார்க்காம எப்படீங்க வாங்குவீங்க? நல்லா உக்காருங்க”ன்னுட்டு எடுத்துட்டேன். டிக்கி மூடி மேலயும் கீழயும் ஆடிட்டே வருது. நாச்சிமுத்து, “அண்ணி! அண்ணி!”ன்னு கத்திட்டு ஓடி வர்றார். நிறுத்தலையே!

மெயின் ரோட்டுக்கு வந்து, கொஞ்ச தூரம் போய் வண்டியைத் திருப்பிட்டு வந்தேன். பின்னாடி சம்பத்தோட பெரிய கார் வருது, அதுக்குப் பின்னாடி நாச்சிமுத்து பைக்குல, அதுக்கும் பின்னாடி வேடிக்கை பார்க்க ரெண்டு மூணு பைக்கு. சாமி ஊர்வலம் மாதிரி. முட்டை உடைஞ்ச அதே எடத்துக்கு வந்தேன். இடது இண்டிகேட்டரைப் போட்டேன். டிக்... டிக்... டிக்னு நிதானமா அடிச்சுச்சு. அன்னைக்கு மாதிரி வேகமா இல்ல. ஆனா எரியுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? மெதுவாத் திரும்பி, பேக்கரி முன்னாடி நிறுத்திட்டு, தலையை வெளிய நீட்டி, பெரிய கார் டிரைவர்கிட்டக் கேட்டேன், “ஏப்பா, பின்னாடி இடது பல்பு எரியுதா?”

“எரியுதுங்கம்மா!”ன்னான்.

“சத்தமாச் சொல்லு!”

“நல்லா எரியுதுங்கம்மா!”ன்னு கத்துனான். பேக்கரியில இருந்தவங்க பூராவும் எட்டிப் பார்த்தாங்க. யாரும் சிரிக்கலை டீச்சர். ஒருத்தன் கூடச் சிரிக்கலை.

சம்பத்து மெதுவாக் கேட்டார், “அம்மா, இந்த வண்டி யாரோடதுங்க?” “என்னோடது”ன்னேன். “உங்க தம்பி அவரோடதுன்னுல்ல சொன்னார்?” “என் தம்பியில்லீங்க, கொழுந்தனார். வண்டி என்னோடது, பல்பும் நானே மாட்டுனது. விக்கலை.” அவர் எறங்கி, என்னைப் பார்த்துக் கும்புட்டார். நாச்சிமுத்துகிட்ட ஒரு வார்த்தை பேசாம அவர் கார்ல ஏறிப் போயிட்டார்.

நாச்சிமுத்து பைக்கை நிறுத்திட்டு என் கதவுகிட்ட வந்தார். மூஞ்சி செவந்து போயிருக்குது. “எங்கண்ணன் இருந்திருந்தா இப்படி நடுரோட்டுல மானத்தை வாங்குவீங்களா?”ன்னார். “உங்கண்ணன் இருந்திருந்தா என் சாவியை நீங்க தொட்டிருக்க முடியுமா?”ன்னேன். பைக்கைத் திருப்பிட்டுப் போயிட்டார்.

அவர் இப்பவும் என்கிட்டப் பேசறதில்லை. எனக்கு ஒரு வெசனமும் இல்ல. காப்பித்தூள் மிச்சம்.

ஆனா ஒரு வாரம் கழிச்சு ருக்குமணி வந்தா. கையில ரெண்டு முருங்கைக்கா. சண்டைக்கு வந்திருக்கறாளோன்னு பார்த்தேன். உக்காந்தா, மழையைப் பத்திப் பேசுனா, முருங்கைக்காயைப் பத்திப் பேசுனா. எந்திரிச்சுப் போறப்ப கொட்டாய்ப் பக்கம் பார்த்துட்டே கேட்டா, “ஏனுங்கக்கா, கிளச்சுன்னா எதுங்கக்கா?”

அவங்க வீட்டுலயும் காருண்டு, புதுசு. அவளும் பின்சீட்டுதான். சரி வாடின்னு காட்டுனேன். அப்புறம் பாதி நாள் வந்துருவா, நாச்சிமுத்து மில்லு வேலைக்குப் போனப்புறம். தோட்டத்துப் பாதையில ஓட்டுவா. நல்லாத்தான் ஓட்டறா, ஆனா சும்மா சும்மா கண்ணாடியைப் பார்க்கற கெட்ட பழக்கம். எல்எல்ஆர் போட்டாச்சு. பின்னாடி சிவப்புல எல் போர்டு ஒட்டியிருக்கறதை நீங்க பார்க்கலையா?

போன வாரம் ஓட்டிட்டே எங்கூட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொன்னா. “பெரியமாமா இருந்திருந்தா உங்களையும் ஓட்ட உட்டிருக்க மாட்டாருங்கக்கா.” எனக்குச் சுர்ருன்னுச்சு. “வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு”ன்னேன். அவளுக்கு என்ன தெரியும்? அவரோட குடித்தனம் பண்ணுனது நானா அவளா? என்னைத் தங்கமா வெச்சிருந்தார். தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருந்தார்.

சரி, அதை உடுங்க.

அதோ, பாலத்துக்கிட்டக் குடையைப் புடிச்சுட்டு நிக்கறாளே, அவதான் ருக்குமணி. ஊருக்குள்ள ஏறுனா பார்த்துருவாங்கன்னு முந்தின பஸ்ஸுல இதுவரைக்கும் வந்து நிக்கறா. வீட்டுல கண்ணு டாக்டர்கிட்டப் போறேன்னு சொல்லியிருக்கா. டீச்சர், நீங்க சித்த பின்னாடி மாறிக்குங்க, தேங்காயை அந்தப் பக்கம் ஒதுக்கிட்டு உக்காந்துக்கலாம். இங்கயிருந்து பொள்ளாச்சி வரைக்கும் அவதான் ஓட்டுவா. மெயின் ரோட்டுல இன்னைக்குத்தான் மொத தடவை.

என்னங்க, கையைக் கையைக் காட்டறீங்க? பஸ்ஸு வருதா பின்னாடி? வரட்டுமுங்க. ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். உக்காருங்க டீச்சர், அவன் நம்மளுக்குப் பின்னாடி வரட்டும்.

எடு ருக்குமணி வண்டியை.